கால் பக்கம், நுனிப் பக்கம்

மார்ச் 3

தங்கைக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நாம் இருவரும் இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதை அலுவலகக் கடிதம் என்றே வைத்துக்கொள்.

எங்கள் மருத்துவ அகராதி 'ம' வரிசைக்கு வந்துவிட்டது. இப்போது என் மேசையில் இருக்கும் சொல் 'மயிர்க்கால்'. இந்த ஒரு சொல்லால் மூன்றாவது மாடியே இரண்டுபட்டுக் கிடக்கிறது. தட்டச்சு செய்யும் பெண் அந்தச் சொல் எழுதிய அட்டையைத் தொடவே மாட்டேன் என்கிறாள். "இத நான் எப்படிங்க அடிக்கிறது? யாராச்சும் எட்டிப் பார்த்தா என்ன நெனைப்பாங்க?" என்று கேட்கிறாள். பதிப்பாசிரியர் 'உரோமக்கால்' என்று போட்டு முடித்துவிடலாம் என்கிறார். தெருச் சண்டையில் ஒரு நல்ல சொல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்பதற்காக நாமும் அதைக் கைகழுவ வேண்டுமா என்று நான் வாதாடினேன். கடைசியில் என் பக்கம்தான் தீர்ப்பானது.

ஒவ்வொரு சொல்லுக்கும் தொழில்காரர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு வரி சேர்ப்பது எங்கள் வழக்கம். நீ இருபது வருடமாக விக் கட்டும் பட்டறையில் இருக்கிறாய். முடியின் வேரை உங்கள் ஆட்கள் என்னவென்று சொல்வார்கள்? நான்கு வரி போதும்.

முடி விஷயத்தில் உன்னைவிடக் கைதேர்ந்தவர்களை எனக்குத் தெரியாது. யார் தலையையும் நீ விட்டுவைத்ததில்லையே.

அக்கா


மார்ச் 11

அக்கா,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறாய், அதுவும் ஒரு சொல்லுக்காக. அகராதி பிடித்தவள் என்று உன்னைப் பள்ளிக்கூடத்திலேயே சொன்னார்கள். நீ என்னடா என்றால் அதையே உத்தியோகமாக வாங்கிக்கொண்டாய்.

கேட்டதற்குப் பதில். பட்டறையில் நாங்கள் மயிர் என்றும் சொல்வதில்லை, வேர் என்றும் சொல்வதில்லை. வெறும் 'கால்' என்போம். முடிக்கு இரண்டு முனை: கால் பக்கம், நுனிப் பக்கம். விக் கட்டும்போது கால் பக்கம்தான் வலையில் முடிச்சாக வேண்டும், நுனி வெளியே தொங்க வேண்டும். மாற்றிக் கட்டினால் அந்த முடி மற்ற முடியோடு ஒத்துப்போகாது, சிக்கிக்கொண்டு சடையாகிவிடும். எது கால் என்று கண்ணுக்குத் தெரியாது. ஒற்றை முடியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் அது எந்தப் பக்கம் நகருகிறதோ அந்தப் பக்கம்தான் கால். உன் தலையிலேயே ஒன்று பிடுங்கிச் செய்து பார். உன் முடிக்கு என்ன குறைச்சல், இடுப்பு வரைக்கும் கிடக்கிறது.

உன் கடைசி வரிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மா என் மடியில்தான் போனாள். அப்போது நீ எங்கே இருந்தாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் என்னைக் கேட்காதே.

தங்கை

பின்குறிப்பு: தொழில் சம்பந்தமாக எனக்கும் ஒரு சந்தேகம். மயிர்க்கால் இல்லாமல் முடி வளருமா? உங்கள் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று அப்படியே எழுது.


மார்ச் 19

தங்கைக்கு,

தேய்த்துப் பார்க்கும் வித்தையை அட்டையில் சேர்த்துவிட்டேன். பதிப்பாசிரியர் தன் மீசையில் ஒன்றைப் பிடுங்கிச் சோதித்துப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுத்தார்.

நீ கேட்டதற்கு அட்டையிலிருந்தே எழுதுகிறேன். "மயிர்க்கால்: தோலுக்குள் இருக்கும் சிறு குழி, முடி இதன் அடியில் உயிர்பெற்று மேலே வளரும். மயிர்க்கால் அழிந்த இடத்தில் முடி முளைக்காது." ஆகவே வளராது. வெட்டிய முடி வளராது, உதிர்ந்த முடி வளராது. செத்த பிறகு முடி வளரும் என்பார்களே, அதுவும் பொய். தோல் சுருங்குவதால் அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான்.

சொல் எப்படிப் பிறந்தது என்பதில்தான் இன்னும் இழுபறி. பந்தலுக்குக் கால், கட்டிலுக்குக் கால் என்பதுபோல முடி ஊன்றி நிற்கும் இடம் என்பது ஒரு கட்சி. வாய்க்காலில் வரும் கால் என்பது இன்னொன்று, அதாவது உள்ளிருந்து ஏதோ ஓடிவரும் வழி. காலுதல் என்றால் வெளியே தள்ளுதல், அதிலிருந்து வந்தது என்பார் எங்கள் ஆலோசக மருத்துவர். நான் இரண்டாவது கட்சி. ஊன்றி நிற்பது மட்டுமென்றால் ஆணி போதுமே.

இப்போது நான் கேட்கிறேன், நேராகவே. அன்றைக்கு அம்மாவின் தலையில் சுற்றியிருந்த துணியை விலக்கினேன். ஒரு முடி இல்லை. திரும்பினால் முன்னறை மேசையில் மரத்தலை மேல் கருகருவென்று அதே முடி விக்காக உட்கார்ந்திருக்கிறது. கடைசி வரிசைகூடக் கட்டி முடித்திருந்தாய். "செத்தவ தலையைக்கூட விடலையாடி?" என்று எல்லார் எதிரிலும் கேட்டேன். நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அம்மா உயிரோடு இருக்கும்போது மழித்தாயா, பிறகு மழித்தாயா? அதை மட்டும் சொல். போனில் கூப்பிடாதே, உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச வராது.

அக்கா


மார்ச் 27

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு முறை கிழிக்கப் போனேன். பிறகு, கிழித்தால் யாருக்கு நஷ்டம் என்று வைத்துக்கொண்டேன்.

நான் மழிக்கவில்லை. கத்தரிக்கவும் இல்லை. முடி தானாக உதிர்ந்தது. போன வருடம் பிப்ரவரியில், நோய் பிடித்ததும் ஆரம்பித்தது. காலையில் தலையணையில் ஒரு கைப்பிடி, குளித்தால் ஒரு கைப்பிடி. உனக்குச் சொல்லவே கூடாது என்றாள். "அவ வேலைய விட்டுட்டு ஓடி வருவா. வேணாம். வந்து என்ன பண்ணப் போறா, பக்கத்துல உக்காந்து வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிக்கிட்டு இருப்பா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் பேச்சைக் கேட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

உதிர்ந்ததைத் தூக்கிப் போடவும் விடவில்லை. வெள்ளைத் துணி விரித்து அதில் ஒவ்வொன்றாக நீட்டி வைப்போம், ஐந்து மாதம். அவளே விரலில் தேய்த்துக் கால் பக்கம் பார்த்துக் கொடுப்பாள். கண் மங்கிய பிறகும் விரல் தப்பு செய்யவில்லை. கறுப்பும் நரையுமாக இருந்ததை அவ்வப்போது கருஞ்சாயத்தில் முக்கிக் காயவைத்து அதற்கப்புறம்தான் கட்டினேன். அந்த நாட்களில் எனக்கு ஒரு செல்லப் பேர்கூட வைத்தாள். அது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன். அது ஒன்றாவது எனக்கே எனக்கென்று இருக்கட்டும்.

நம்ப மாட்டாய். அதனால் அந்தத் துணி மடிப்பில் கட்டாமல் மீந்துபோன மூன்று முடியை இத்துடன் வைத்திருக்கிறேன். கத்தரித்த முடிக்கும் மழித்த முடிக்கும் கால் இருக்காது, வெறும் வெட்டுவாய்தான். தானாக உதிர்ந்த முடி காலோடு வரும். உங்கள் மருத்துவரிடம் பூதக்கண்ணாடி இருக்குமே, வைத்துப் பார்.

வளருமா என்று ஏன் கேட்டேன் என்றால், அந்த விக் எட்டு மாதமாக அலமாரியில் மூடி வைத்தபடி இருக்கிறது. போன மாதம் தூசி தட்ட எடுத்தேன். வலையை ஒட்டி எல்லா முடியிலும் வெள்ளை தெரிகிறது. முதலில் எள்ளளவு. இப்போது அரிசி நீளம்.

தங்கை


ஏப்ரல் 6

தங்கைச்சி,

பார்த்துவிட்டேன்.

இரண்டாவது மாடியில் ஆலோசக மருத்துவரின் மைக்ராஸ்கோப் இருக்கிறது. மூன்றையும் கண்ணாடித் துண்டில் வைத்து அவரே சரிசெய்து கொடுத்தார். மூன்றுக்கும் அடியில் சின்னதாக வெள்ளைக் குமிழ். "கத்தி படாத முடிங்க. தானா விழுந்தது" என்றார். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பாவம் அந்த மனுஷன், கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஊரே பார்க்க உன்மேல் பழி போட்டேன். ஊரைக் கூட்டியா இப்போது மன்னிப்புக் கேட்க முடியும்? அவள் உன் மடியில் போனாள் என்பது ஒன்றுதான் இத்தனை நாள் எனக்கு ஆறுதல். அவள் தனியாகப் போகவில்லை, நீ இருந்தாய். அதற்காகவாவது நான் உன் காலைப் பிடித்திருக்க வேண்டும்.

விக் விஷயத்துக்குப் பயப்படாதே. வலை உரசும் இடத்தில் சாயம் போயிருக்கும். இல்லையென்றால் முடிச்சு நெகிழ்ந்து உள்ளே சாயம் ஏறாத பகுதி வெளியே வந்திருக்கும். பேய் பிசாசு என்று மனதைக் குழப்பிக்கொள்ளாதே. அடியில் குழி இல்லை, வளர வழியே இல்லை.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

நீ 'தங்கைச்சி' என்று எழுதியதைப் படித்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்பு எல்லாம் வேண்டாம். நீ அப்படித்தான், முதலில் கத்துவாய், பிறகு அகராதியைப் பார்ப்பாய். அது எனக்குத் தெரியாதா?

ஆனால் நீ சொன்ன காரணம் சரியில்லை. நானும் முதலில் அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன். ஒன்று சொல்ல வேண்டும், இதைப் பட்டறையில் சொன்னால் என் மானம் போய்விடும்.

அந்த விக்கில் ஒரு தப்பு இருக்கிறது. இடது காதுக்குப் பின்னால், கட்டைவிரல் அகலத்துக்கு, தலைகீழாகக் கட்டியிருக்கிறேன். நுனியை வலையில் முடிந்து காலை வெளியே விட்டுவிட்டேன். இருபது வருடத்தில் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. அன்றைக்கு என்னவோ மனசு ஒரு நிலையில் இல்லை. பிரித்துக் கட்டப் பிறகு தைரியம் வரவில்லை.

நேற்று வெளிச்சத்தில் வைத்து அந்தக் கற்றையைப் பார்த்தேன். மற்ற எல்லா இடத்திலும் வலையை ஒட்டி வெள்ளை. அந்தக் கற்றையில் மட்டும் வலையை ஒட்டிக் கருப்பு, வெளி முனையில் வெள்ளை. காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும் முனையில் எது உரசும், அக்கா? எந்த முடிச்சு நெகிழும்? வெள்ளை வலையிலிருந்து வரவில்லை. காலிலிருந்து வருகிறது.

நூல் வைத்து அளந்தேன். நான் கட்டும்போது பதினாறு விரற்கடை. இப்போது பதினேழு.

மரத்தலையோடு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன். பெட்டியைத் திறந்தால் அம்மா தலையைத் துவட்டும்போது வருமே, அந்த வாசனை. எரித்துவிடலாமா? நீயே சொல். உன் பேச்சைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

தங்கை


ஏப்ரல் 22

தங்கைச்சி,

எரிக்காதே. கையெடுத்துக் கும்பிடுகிறேன், எரிக்காதே.

நீ எழுதியதை நான்கு முறை படித்தேன். அலுவலகத்தில் யாரிடமாவது கேட்கலாம் என்றால் என்னவென்று கேட்பது? மயிர்க்கால்கள் குத்திட்டன என்ற வழக்குக்கு உதாரணம் தேடி மூன்று நாள் புத்தகங்களைப் புரட்டினேன். அச்சத்தால் அப்படி ஆகும் என்று எழுதி வைத்தேன். உன் கடிதத்தைப் படித்தபோது என் கையில் அது நடந்தது. கையில் மட்டும்தான், ஏனென்றால் தலையில் குத்திட எதுவும் இல்லை.

ஆமாம். உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் மார்ச்சில் அந்த மொட்டையான கடிதத்தை எழுதினேன். ஜனவரியிலிருந்து எனக்கும் உதிர்கிறது. இடுப்பு வரைக்கும் கிடக்கிறது என்று நீ எழுதிய அன்று என் தலையில் பத்து முடி இருந்திருக்கும். அம்மாவுக்கு வந்த அதே நோய்தான். "உங்க மயிர்க்காலெல்லாம் மூடிக்கிச்சும்மா" என்று எனக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் சொன்ன அதே வாரம் அந்த அட்டை என் மேசைக்கு வந்தது. விதி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முன்னாலேயே கண்டுபிடித்ததால் பாதிக்குப் பாதி பிழைக்க வாய்ப்பு இருக்கிறதாம்.

தலையில் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். தட்டச்சுப் பெண் ஒன்றும் கேட்காமல் இருப்பதுதான் தாங்கவில்லை. அந்த விக்கை எனக்கு அனுப்பு. வளர்ந்தால் வளரட்டும். அம்மாவின் முடியைப் பார்த்து எனக்கு என்ன பயம்?

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

இதையெல்லாம் ஏன்டி ஒளித்தாய்? அம்மா உன்னிடம் ஒளித்தாள், நீ என்னிடம் ஒளிக்கிறாய். நம் வீட்டுப் பெண்களுக்கு வேறு வேலையே கிடையாதா?

பெட்டியை இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒன்று சொல்கிறேன், பயப்படாதே. ஜூன் மாதம், வலை பாதி நிறைந்திருந்தபோது, "இது யாருக்கும்மா?" என்று கேட்டேன். "பெரியவளுக்கு. அவளுக்கு வேணும்" என்றாள். உன் பின்னல் தடிமனுக்கு விக்கா என்று நான் சிரித்தேன். காய்ச்சல் வேகத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே. அலுவலகத்திலும் இடையில் கழற்று. தூங்கும்போது கட்டாயம் கழற்றி மரத்தலையில் மாட்டு. காது ஓரமாகக் கற்றை சிக்கினால் இழுக்காதே. நான் வரட்டுமா? வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

பயமாக இருக்கும்போது அம்மாவை நினைத்துக்கொள். அவள் பயப்படவே இல்லை. என் மடியில் தலை வைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, நிம்மதியாகத்தான் போனாள்.

தங்கை


மே 9

தங்கைக்கு,

பெட்டி நல்லபடியாக வந்தது. நீ சொன்னபடி முதல் மூன்று நாள் ஒரு மணி நேரம் வைத்துக் கழற்றினேன். அளவு எடுக்காமலேயே அச்சாகப் பொருந்துகிறது. தட்டச்சுப் பெண் பார்த்துவிட்டு, "என்னங்க, பத்து வயசு கொறைஞ்சுட்டீங்க!" என்றாள். 'மயிர்க்கால்' அட்டையும் அன்றே தட்டச்சாகி அச்சுக்குப் போனது.

நான்காம் நாள் கழற்ற மறந்து தூங்கிவிட்டேன். காலையில் கதகதப்பாக இருந்தது. நேற்று மருத்துவரிடம் போனேன். விக் வைத்திருக்கிறேன் என்று சொல்வதற்குள் அவர் தலையைத் தொட்டுவிட்டார். "பரவாயில்லையே, நல்லா வளர ஆரம்பிச்சிருக்கே" என்று ஒரு முடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். எனக்கு வலித்தது. சுருக்கென்று, வேரோடு வலித்தது.

கழற்றத்தான் வேண்டும். தினமும் நினைக்கிறேன். கண்ணாடி முன் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. என் கையெழுத்துகூடக் கொஞ்சம் சாய்கிறது பார். பழக்கமான சாய்வுதான், யாருடையது என்று தெரியும், ஆனால் வாயில் வரமாட்டேன் என்கிறது.

அது கிடக்கட்டும் விடு, முடிச்சு. சாப்பிட்டியா? இன்னும் அந்த மேசையிலயே குனிஞ்சுகிட்டு இருக்கியா? கண்ணு போயிடும்டி, எத்தன தடவ சொல்றது.

ஒண்ணு சொல்லணும்னுதான் இருந்தேன். மடியில போனா, மடியில போனான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. சொல்லச் சொல்ல நீதான் கரைஞ்சு போற. நீ முன்னறையில இருந்த. தண்ணி வேணும்னு கூப்பிட்டேன். "இந்த ஒரு வரிசம்மா, இதோ வந்துட்டேன்"ன்ன. சரின்னேன். இடது காதுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு இருந்த. உனக்குக் கை தடுமாறிச்சு பாரு, ஏன்னு தெரியாம தலகீழா கட்டின பாரு, அப்பத்தான் நான் போனேன்.

எனக்குத் தாகமே இல்லடி. உன் குரலக் கேக்கணும்போல இருந்துச்சு, அதான் கூப்பிட்டேன். கேட்டுட்டுத்தான் போனேன். உன்மேல ஒரு தப்பும் இல்ல. இனிமே நல்லாத் தூங்கு.

பெரியவள நான் பார்த்துக்கறேன்.


மே 14

யாருக்கு என்று போட்டு எழுதுவது என்று தெரியவில்லை.

முடிச்சு என்ற பேரை நான் யாருக்கும் சொன்னதில்லை. அந்த வரிசையைப் பற்றியும், தண்ணீரைப் பற்றியும் சொன்னதில்லை. வரிசையை முடித்து, நூலைக் கடித்து, செம்போடு உள்ளே போனபோது அம்மாவின் கை சில்லிட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பத்து மாதமாக எல்லாரிடமும் ஒரே பொய்யைத்தான் சொன்னேன்.

அக்கா, நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால், அச்சுக்குப் போன அட்டையில் முடிந்தால் ஒரு திருத்தம் செய். மயிர்க்கால்கள் குத்திடுவது அச்சத்தால் மட்டும் இல்லை. உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தபோது உச்சி முதல் உள்ளங்கால் வரை அப்படித்தான் ஆனது, ஆனால் நான் பயப்படவில்லை.

உனக்கு இதனால் என்ன ஆகும் என்று நான் யோசிக்காமல் இல்லை. நேற்று முழுக்க யோசித்தேன். கொக்கி ஊசியும் கத்தரியும் எடுத்துவந்து ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்துவிடலாம் என்றுதான் பையில் போட்டேன். பிறகு வெளியே எடுத்து வைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

நாளைக் காலை முதல் வண்டியில் கிளம்புகிறேன். கதவைத் தாழ் போடாதே. ஒரு மணி நேரம், தூங்கும்போது கழற்று என்றெல்லாம் எழுதினேனே, அதை மறந்துவிடு.

நான் வந்து ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்கும்வரை அதைக் கழற்றாதே.

முடிச்சு